பூனைக்கும் பெரட்டு வேண்டும்

"டீச்சர், என் பூனைக்கு வால் மட்டும்தான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். திரையில் பூனை ஓடும் கட்டமான மேடையின் வலது ஓரத்தில் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சப் பூனை ஓரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் கணினி மொழி ஸ்கிராட்ச். அதற்கு நான் எழுதிய முதல் பாடம் அது. பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை 100 அடி நகரும். இரண்டே பிளாக், அதாவது இரண்டே கட்டளைத் துண்டு. முதல் நாள் இரவு வீட்டில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், நகர்ந்தது, நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கோ பூனை நகர்வது பிடித்துப்போய்விட்டது. கொடியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். மேடையின் அகலம் 480 புள்ளி, நடுவிலிருந்து ஓரத்துக்கு 240. மூன்றாவது அழுத்தலிலேயே பூனை ஓரத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். முழுக்க மறைந்துவிடாதபடி மென்பொருளே பிடித்து நிறுத்துவதால் வாலாவது மிஞ்சியது. மறுபடி கொடியை அழுத்தினால் பூனை தானாக நடுவுக்கு வந்துவிடாது, விட்ட இடத்திலிருந்துதான் கிளம்பும். என் பூனை நடுவில் நின்றதால் எனக்கு இது தோன்றவே இல்லை.

எங்கள் டியூஷன் நிலையம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மளிகைக் கடை. வார நாளில் கணக்கும் மலாயும், சனிக்கிழமை காலையில் கணினி. பிள்ளைகள் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வேனில் வருவார்கள். 2017இல் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1க்கு அசாஸ் சைன்ஸ் கொம்புட்டர் என்ற அடிப்படைக் கணினிப் பாடம் வந்தபிறகு, பெற்றோர் ஸ்கிராட்ச் என்ற பெயரைச் சொல்லியே கேட்டு வர ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் எம்ஐடி மீடியா லேபில் மிட்சல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்ட மொழி. தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ண வண்ண பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். எனக்குத் தமிழும் வரும், கம்ப்யூட்டரும் ஓரளவு வரும் என்பதால் பாடம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

வால் கதையை அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபத்தைந்து வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. "பெரட்டுல நிக்காம யாரு நேரா நெரைக்குப் போவா?" என்றார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் வரிசை, நெரை என்பது வெட்ட வேண்டிய மர வரிசை. விடியுமுன் எல்லாரும் பெரட்டில் நின்று பேர் கொடுத்த பிறகுதான் வெட்டுக்காட்டுக்குப் போவார்கள். நேற்று எந்த மரத்தோடு வேலையை முடித்திருந்தாலும் சரி, இன்றைக்கு ஆரம்பம் பெரட்டுக் களம்தான். அடுத்த முறை அச்சடிக்கும்போது கொடிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: எக்ஸ் 0, ஒய் 0 என்ற இடத்துக்கு, அதாவது மேடையின் நடுவுக்குப் போ. பக்கத்திலேயே, இது பூனையின் பெரட்டு. செம்பனை வந்து பாதிப் பால்மரம் போய்விட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பெரட்டு எங்கே தெரியும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பையன், "லேட்டாப் போனா அன்னைக்குப் பேர் போடமாட்டாங்களாம் டீச்சர், எங்க பாட்டி அழுதுகிட்டே திரும்பி வந்துச்சாம்" என்றான். அந்த வரி பாடத்தில் நிலைத்துவிட்டது.

தமிழ் கொடுத்த தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். "அடி" என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு பையன் பையிலிருந்து ஓரடி ரூலரை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தான். "100 அடின்னா எங்க வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் வருமே?" ஸ்கிராட்ச் சொல்கிற ஓர் அடி, மேடையின் ஒரே ஒரு புள்ளி. அதைவிட மோசம் "திரும்பு". பூனையை வலப்பக்கம் திருப்ப ஒரு பிளாக், செய்ததையே மறுபடி செய்ய ரிப்பீட் என்று இன்னொன்று. நான் எழுதியது: "10 தடவை திரும்பச் செய்." பாதி வகுப்பு ரிப்பீட்டை எடுத்தது. மீதிப் பாதி நீல பிளாக்குகளைப் பத்து எடுத்து அடுக்கி, பூனையைப் பத்துத் தடவை திருப்பியது. இரண்டும் சரியான தமிழ்தான், அதுதான் தொல்லை. இப்போது ஒன்றுக்குத் "திருப்பு", மற்றதற்கு "மறுபடியும் மறுபடியும்". அழகில்லை, ஆனால் கை தப்பான பிளாக்குக்குப் போவதில்லை.

2019 ஜனவரி 2 அன்று ஸ்கிராட்ச் 3.0 வந்தது. இடப்பக்கம் இருந்த மேடை வலப்பக்கம் போனது. பூனை போகும் வழியில் கோடு போடும் பேனா பிளாக்குகள் பட்டியலிலிருந்து காணாமல் போய், இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்பாக மாறின. "இடப்பக்கம் பார்" என்று நான் எழுதியிருந்த பக்கங்கள் அத்தனையும் வீண். இரண்டு ரீம் தாள் பழைய பேப்பர்காரருக்குப் போனது. அதிலிருந்து, எந்தப் பக்கம் என்று எழுதுவதைக் குறைத்து, என்ன நிறம், என்ன வடிவம் என்று எழுதுகிறேன்.

பேனா பாடத்தில்தான் என் எழுத்து மாறியது. பூனையைக் கொண்டு சதுரம் வரைய வேண்டும்: 100 நகர், 90 பாகை திருப்பு, இதையே நான்கு தடவை. எல்லாருக்கும் வந்துவிடும். அடுத்தது முக்கோணம். ஸ்கிராட்ச் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பு, 1967இல் உருவான லோகோ என்ற நிரல் மொழியில் ஆமையை நகர்த்திக் கோடு வரைந்த காலத்திலிருந்தே ஆசிரியர்களுக்குத் தெரிந்த வழுக்குப்பாறை இது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பிள்ளை பள்ளியில் படித்திருக்கிறது, 60 போடும். வருவது முக்கோணம் இல்லை, வாய் திறந்த கிண்ணம். பூனை திரும்புவது உள்கோணத்தில் இல்லை. வந்த வழியிலேயே நேராகப் போயிருந்தால் எங்கே போகுமோ, அந்தத் திசையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே கணக்கு. அது 120. சதுரத்தில் உள்ளும் வெளியும் இரண்டும் 90 என்பதால் அங்கே இந்தக் குட்டு உடைவதில்லை.

முதலில் நான் நல்ல பிள்ளையாக 120 என்று எழுதிக் கொடுத்தேன். எல்லார் திரையிலும் முக்கோணம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஐங்கோணம் கேட்டால் ஒருவருக்கும் வரவில்லை. பிறகு 120ஐ அடித்துவிட்டு 60 என்றே அச்சடித்தேன், கீழே ஒரு கேள்வியோடு: வந்தது முக்கோணமா? "காசு வாங்கிக்கொண்டு தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறோமா?" என்று அலுவலகத்தில் கோபம். தடுக்கி விழாமல் ஒரு பிள்ளையை மாடிவரை தூக்கிச் சென்றுவிடுகிற பாடத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு விட்டுவிட்டார்கள்.

அந்த வால் பூனைக்காரிதான் 60ஐ மாற்றாமல், தடவையை மட்டும் மூன்றிலிருந்து ஆறாக்கினாள். கிண்ணம் மூடிக்கொண்டு அறுகோணம் வந்தது. "தேன்கூடு டீச்சர்!" முக்கோணத்தை மறந்தே போனாள், திரை முழுக்கத் தேன்கூடு. பக்கத்திலிருந்தவன் ஆறை அறுபது என்றும், 60ஐ 6 என்றும் மாற்றிப் பார்த்து, பூனையை மேடைக்கு வெளியே தள்ளப் பார்த்தான். நீளம் 100ஐக் குறைக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். 10 வைத்ததும் ஏறக்குறைய வட்டம். 3க்கு 120, 4க்கு 90, 6க்கு 60, 60க்கு 6. பலகையில் எழுதி வைத்தேன், பெருக்கிப் பார்த்தார்கள். 360 என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நாலாவது பாடத்தில் நிற்கிறேன். எண்களைப் போட்டுவைக்கும் வேரியபள். தமிழில் மாறி. தோட்டத்துப் பிள்ளைகளிடம் வாய்விட்டு வாசித்தால் அது மாரிதான், உடனே கோயில் நினைவுதான் வரும். வேறு சொல் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தை நினைத்து, "மங்குன்னு வையேன். உள்ளே இருக்கிறது மாறும், மங்கு அதேதானே?" என்றார்.

நல்ல யோசனைதான். ஒரே ஒரு சிக்கல், ஸ்கிராட்சில் இரண்டு பிளாக் உண்டு. ஒன்று இருப்பதோடு கூட்டும், இன்னொன்று இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். மங்கில் பால் சொட்டுச் சொட்டாகச் சேரத்தானே செய்யும் அம்மா என்றேன்.

"வெட்டுறதுக்கு முந்தி மங்கைத் துடைச்சு வைக்க மாட்டோமா?" என்றார்.