இதுல எது மக்களே?

"இதுல எது மக்களே?"

அந்த அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். ('மக்களே' என்றால் எங்கள் பக்கத்தில் 'பிள்ளையே'.) எங்கள் பயண நேரக் கணிப்புத் தளத்தின் திரையில் 'பயண நேரம்: 1 மணி 35 நிமிடம் முதல் 2 மணி 25 நிமிடம் வரை' என்று இருந்தது. தக்கலையிலிருந்து திருவனந்தபுரம், செவ்வாய்க்கிழமை காலை. அவருடைய கணவருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் தொடர் சிகிச்சை. மாதத்துக்கு இரண்டு தடவை அதே ரோடுதான்.

இப்படி ஆட்களிடம் தளத்தைக் கொடுத்துப் பார்க்கிற சோதனையில், நடத்துகிறவன் பதில் சொல்லக் கூடாது, கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம். படித்தபடியே, "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்றேன்.

"நான் நினைக்கதுக்கு ஒங்க கம்ப்யூட்டர் எதுக்கு?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, "எட்டரைக்கு டோக்கன். எத்தற மணிக்கு வீட்டுல இருந்து எறங்கணும், அதச் சொல்லு, போதும்" என்றார்.

அடுத்த அறையில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இப்படி ஒரு வாக்கியம் கையில் கிடைத்தால், தளத்தை முழுக்க மாற்ற வேண்டும் என்று மேலே இருப்பவர்களிடம் வாதாட வேறு எதுவும் வேண்டாம். இப்போது யோசித்தால் அந்தச் சந்தோஷம்தான் உறுத்துகிறது. அவர் பேசி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் ஸ்லைடு போட ஆரம்பித்துவிட்டேன்.

மற்றவர்கள் சொன்னதும் குறைவில்லை. ஒருவர் மேப்பில் சிவப்பாக இருந்த இடமெல்லாம் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று நினைத்தார் (அவர் கை வைத்த இடத்தில் அதுவும் உண்மைதான்). மார்த்தாண்டத்தில் மேம்பாலம் ஏறிப் போகிற காருக்கும், கீழே நின்று ஆள் ஏற்றுகிற பஸ்ஸுக்கும் ஒரே நேரம் காட்டியதை ஒரு கல்லூரிப் பெண் பிடித்தாள். டெம்போ ட்ராவலர் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். "மார்த்தாண்டத்துல எப்டி கெடக்கு?" என்று யாரிடமோ கேட்டுவிட்டு, "இப்போ ஃப்ரீயாத்தான் இருக்காம்" என்று எனக்கே தகவல் சொன்னார்.

இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து பேர். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதியது எங்களுக்கு இன்னும் வேதவாக்கு. பட்ஜெட்டும் அதைத்தான் சொன்னது.

மேப்பைக் கீழே தள்ளினோம். மேலே ஒரே ஒரு கேள்வி: 'எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?' அதற்கு ஒரே ஒரு பதில், பெரிய எழுத்தில்: 'வீட்டிலிருந்து 6:20-க்கு இறங்குங்கள்.' 'புறப்படுங்கள்' என்று போடச் சொன்னார்கள். 'இறங்குங்கள்' வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். அதில் இன்னமும் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்த 6:20 எங்கிருந்து வந்தது? கணிப்பு மாடலுக்கு ஒற்றை நேரம் என்று எதுவும் தெரியாது. இதே கிழமை, இதே மணி, இதே ரோட்டில் முன்பு போனவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற பரவல்தான் தெரியும். அதில் எங்கே கோடு கிழிப்பது என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் கிழித்தால் இரண்டு நாளில் ஒரு நாள் தாமதம். 95 சதவீதத்தில் கிழித்தால் இருபது நாளில் ஒரு நாள்தான் தாமதம். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டும். மாடலைக் கவனித்த தம்பி 95 கேட்டான். இவ்வளவு சீக்கிரம் இறங்கச் சொன்னால் யாரும் தளத்தை நம்ப மாட்டார்கள் என்றது மார்க்கெட்டிங். நான் 80 என்றேன். ஏன் 80? இன்றைக்கு வரைக்கும் சரியான பதில் என்னிடம் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"ஐந்து நாளில் ஒரு நாள் லேட் ஆகும்னு ஸ்கிரீன்ல போடுவோமாண்ணே?" என்று தம்பி கேட்டான். இரண்டாம் சுற்றில் '80% உறுதி' என்று போட்டுப் பார்த்தோம். ஒருவர் அதை போன் சார்ஜ் என்று நினைத்தார். இன்னொருவர் ரோட்டில் 80 சதவீதம் நெரிசல் என்று படித்தார். எடுத்துவிட்டேன். புரியாததை எடுப்பதுதானே என் வேலை?

தளம் வெளிவந்து சில மாதம் கழித்து அந்த அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சோதனை நாளன்று வழி சொல்ல என் நம்பரைக் கொடுத்திருந்தேன். "மக்களே, ஒங்க கம்ப்யூட்டர் சொன்ன நேரத்துக்குத்தான் எறங்குனோம். படந்தாலுமூட்டுல டாரஸ் ஒண்ணு நின்னுபோச்சு. களியக்காவிளை தாண்டவே எட்டாச்சு. டோக்கன் போச்சு. ஒண்ணுமில்ல, அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காவ. ஒன்ட்ட சொல்லணும்னு தோணிச்சு."

குறை சொல்லும் குரலே இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாறை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டுகிற லாரி எங்கே பழுதாகும் என்று எந்த மாடலுக்கும் தெரியாது என்று விளக்கியிருப்பேன். எங்கள் பிழை என்று தெரிந்ததைத் திருத்தவும் செய்தோம். மாடலில் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியல் மட்டும் இருந்தது, ஆற்றுக்கால் பொங்கல் இல்லை. அன்று திருவனந்தபுரத்து ரோடெல்லாம் அடுப்பு. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஐப்பசியிலும் பங்குனியிலும் விமான ஓடுபாதை வழியாகவே போகும், சில மணி நேரம் விமானம் கிடையாது. அதையும் சேர்த்தோம். மண்டைக்காட்டுக் கோயில் கொடை விழாவைச் சேர்த்தோம். இதெல்லாம் நாள்காட்டியில் இருப்பவை. அவர் போனது வெறும் செவ்வாய்க்கிழமை.

பழைய திரை அவரை எச்சரித்திருக்குமா? 2 மணி 25 நிமிடம் வரை ஆகலாம் என்று அதில் இருந்தது. அதைப் பார்த்திருந்தால் ஆறுக்கே இறங்கியிருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். அந்தத் திரையை அவரால் பயன்படுத்தவே முடியவில்லை, அதனால்தானே மாற்றினோம் என்று மறுநாள் தோன்றும். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். ஆனால் 'எது?' என்று கேட்டபோது, 'எனக்கும் தெரியாதும்மா, ரோடு அப்படி' என்பதுதான் நேர்மையான பதில். அதை முதல் திரை, படிக்க முடியாதபடி என்றாலும், சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சோதனை அறையில் ஐந்து பேரும் எழுத்தைத்தான் படித்தார்கள். ஒருவரும் ரோட்டில் இல்லை. ஐந்தில் ஒரு நாள் தாமதம் என்பது அங்கே யாருக்கும் நடக்காது.

அவருக்கு நான் அனுப்பிய பதிலை எடுத்துப் பார்க்கிறேன்: 'மன்னிச்சிடுங்கம்மா. சரி பண்ணுறோம்.' எதைச் சரி பண்ணுவது என்று அப்போதும் தெரியாது. அவர் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினார். இப்போதெல்லாம் தளம் சொல்வதற்கு அரை மணி முன்னாலேயே இறங்குகிறாராம். 95 கேட்ட தம்பியிடம் இதை நான் சொல்லவில்லை.

போன மாதம் கல்ஃப் போகிற என் மச்சானை ஏர்போர்ட்டில் விட வேண்டியிருந்தது. எங்கள் தளம் 3:10-க்கு இறங்கச் சொன்னது. இரண்டரைக்கே காரை எடுத்தேன்.

"இது நீ பண்ணுனதுதானே?" என்று போனைக் காட்டினான்.

"ஆமா."

சுவாமியார்மடம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, டெம்போ அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணே, மார்த்தாண்டத்துல எப்டி கெடக்கு?"