சத்தமில்லாத அறையில் 25-க்கு 23, வகுப்பறையில் வெறும் இரைச்சல்

கேட்பதற்காக உட்செவியில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சையும், அந்தக் கருவியின் அளவுகளை எனக்கேற்பச் சரிசெய்யும் முதல் ஆறு மாத மேப்பிங்கும் குறையின்றி முடிந்தன. விடுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தத் திரும்பிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நான்கு மின்விசிறிகள் சுழல, பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிக்க, கடைசி வரிசை மாணவி எழுந்து கேட்ட சந்தேகம் எனக்கு இரைச்சலாகவே வந்து சேர்ந்தது. மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். நான்காவது முறை அவள் "பரவாயில்லைங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று மணி நேரம் பேருந்தில் சென்று இம்பிளாண்ட் மையத்தில் முறையிட்டேன். ஒலிபுகா அறையில் 25 சொற்களைச் சொல்லி, 23 சரி என்று குறித்துக்கொண்டு, "நன்றாகத்தானே கேட்கிறது, பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரைச்சலை ஓடவிட்டுச் சோதிக்கும்படி நான் கேட்டதற்கு அது வழக்கமில்லை என்பதே பதில். அடுத்த முறை போனபோது மேப்பிங் செய்பவர் முந்தைய நாளே வந்து போயிருந்தார். ஒரு நாள் விடுப்பு வீணானது. எந்த நாளில் யார் இருப்பார், இரைச்சல் சோதனை உண்டா என்ற இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வேறொரு மையத்தில் பார்த்த செவித்திறன் நிபுணர், அதாவது ஆடியாலஜிஸ்ட்தான் முறையாகச் சோதித்தார். இரைச்சலைவிடப் பேச்சு 10 டெசிபல் உயர்ந்திருந்தபோது பெரும்பாலான வாக்கியங்கள் புரிந்தன. 5 டெசிபலாகக் குறைத்ததும் பாதிகூடப் புரியவில்லை. இயல்பான உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை என் கருவியில் 22 எலெக்ட்ரோடுகள் (மின்முனைகள்) செய்கின்றன என்றும், ஒன்றின் மின்னோட்டம் அடுத்ததன் எல்லைக்குள்ளும் பரவுவதால் ஒரு குரலை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் நுட்பம் குறைந்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். வாரக்கணக்கில் நான் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே இருந்தது தவறு. இரைச்சலும் சேர்ந்தல்லவா கூடுகிறது!

பிறகு அவர், ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிக்கருவியான புராசஸரைக் கையில் வாங்கிப் பார்த்தார். மைக் கவர் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. வியர்வையும் சுண்ணாம்புத் தூளும் அடைத்திருந்தன. என் மாடலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்னாலிருந்து வரும் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் நிரல், இரண்டு மைக்குகளுக்கு வரும் ஒலியை ஒப்பிட்டே இயங்குகிறது. ஒன்று அடைபட்டால் அந்த நிரல் இருந்தும் பயனில்லை. கவரை மாற்றிய அன்றே ஆசிரியர் அறையில் எதிரே இருப்பவரின் பேச்சு தெளிந்தது. அங்கே இப்போது சத்தம் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருகிறேன். வகுப்பில் மட்டும் அந்த நிரலைப் போடுவதில்லை, பக்கவாட்டிலிருந்து கேள்வி கேட்கும் பிள்ளைகளின் குரல் அதில் அடங்கிப் போகிறது. பெட்டிக்குள் வைத்துவிட்ட பழைய காது மெஷினையும் மறு காதில் மாட்டச் சொன்னார். குரலின் அடித்தொனி அதன் வழியாக வருவதால் பேசுவது யார் என்பதாவது உடனே தெரிகிறது.

வகுப்பறைக்குத் தீர்வு தந்தது, பேசுபவரின் குரலைக் கம்பியில்லாமல் நேரே புராசஸருக்கு அனுப்பும் தனி ரிமோட் மைக். அவசரப்பட்டு ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். அது என் புராசஸருடன் இணையவே இல்லை, பணம் போனதுதான் மிச்சம். மாடல் எண்ணை ஆடியாலஜிஸ்டிடம் காட்டி உறுதி செய்த பிறகே வாங்குங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மைக் வாயருகே போனால் அந்த இழப்பு பெருமளவு மிச்சமாகிறது. இப்போது கேள்வி கேட்பவர் கைக்கு மைக் போகிறது. சென்ற வாரம் அதே மாணவி, வர்க்கமூலம் இரண்டை எண்கோட்டில் எப்படிக் குறிப்பது என்று கேட்டாள். ஒரே தடவையில் புரிந்தது.

காலைக் கூட்டத்தின் ஒலிபெருக்கி மட்டும் இன்னும் புரியவில்லை. ஆம்பிளிஃபயரிலிருந்து என் ரிமோட் மைக்குக்கு நேரடியாக இணைக்கும் கம்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.