திருநெல்வேலி வழியில் வேன் கூரை ஃபேனை மாற்றுவது

1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் போய்விட்டன. ஆனாலும் படுக்கை வசதியுள்ள கேம்பர் வேனில் சுற்றுகிறவர்களுக்கு உவரிக் கடற்கரை முதல் குற்றாலம் வரை எல்லாம் ஒரே சீமைதான். அதற்குள்ளேயே உப்பு, புழுதி, காற்று, சாரல் என்று கூரை ஃபேனுக்கு (கூரைத் துளையில் மூடியோடு பொருத்தும் காற்றோட்ட ஃபேன்) ஆகாதவை நான்கும் வந்துவிடும். அதனால் ஃபேனை எப்படி மாற்றுவது என்பதோடு எங்கே, எந்த நேரத்தில் மாற்றுவது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உவரி, மணப்பாடு போன்ற இடங்களில் அடிக்கடி நிற்கும் வேன்களில் மோட்டார் கெடுவதற்கு முன்பே ஒயர் கனெக்டர் போய்விடும். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் மாவு போன்ற செம்மணல் மோட்டார் புஷ்ஷுக்குள் (தண்டு சுழலும் வளையம்) இறங்கும். ஃபேன் கிறீச்சிட்டு, பிறகு இறுகும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது மூடியைத் திறந்து வைத்திருந்தால் கீல் பிய்ந்துகொள்ளும். பாபநாசத்திலும் குற்றாலத்திலும் இதே வேலையைக் குரங்குகள் காற்றில்லாமலே முடித்துவிடும். கொசுவலையையும் விடாது. அங்கே மூடியைத் திறந்து போட்டுவிட்டு அருவிக்குப் போகக் கூடாது.

ஃபேன் நின்றதும் புதிது வாங்க ஓட வேண்டாம். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். களிம்பேறிய இணைப்பும் சுமை இல்லாதபோது 12.5 வோல்ட் காட்டும். ஃபேனுக்கு வரும் ஒயரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி, எரியும்போதே அளவெடுங்கள். 10 வோல்ட்டுக்கு இறங்கினால் கோளாறு ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது, ஃபேனில் இல்லை. பல்பு நன்றாக எரிகிறதா? அப்படியானால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுங்கள். ஓடினால் சுவிட்சோ வேகக் கட்டுப்பாட்டு போர்டோ போயிருக்கிறது. பழைய மாடல்களில் கடைசி வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை செத்திருந்தால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் காரணம். நேராகக் கொடுத்தும் ஓடாவிட்டாலோ, இறக்கையைக் கையால் சுற்றினாலே இறுக்கமாக இருந்தாலோ மட்டும் ஃபேனை மாற்றும் வேலைக்கு வரலாம்.

வெளிநாட்டு வேன்களில் கூரைத் துளை 14 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 356 மி.மீ. என்பது வழக்கம். நம் ஊரில் பட்டறையில் பாடி கட்டிய வண்டியில் கட்டர் போன போக்கில் துளை இருக்கும். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கூரைத் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்பக்க பிளாஸ்டிக் சட்டம் அதற்குப் பொருந்த வேண்டும். 12 வோல்ட் கூரை ஃபேனை உள்ளூர்க் கடைகளில் தேடி அலைவதைவிட ஆன்லைனில் வரவழைப்பது நல்லது. மற்ற சாமான்கள் நெல்லையிலேயே கிடைக்கும். பஸ், லாரிக்கு முன்கண்ணாடி ஒட்டும் கடையில் அண்ணாச்சியிடம் “கண்ணாடி ஒட்டுற பாலியூரித்தேன்” என்று கேட்டால் டியூபை எடுத்துத் தருவார். நீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் இதுதான். கூரைக்கும் ஏற்றதுதானா, வெயில் தாங்குமா என்று டியூபில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். கூடவே ஓர் அங்குல அகலம், 3 மி.மீ. தடிமனில் பியூட்டைல் டேப் (பிசின் போல் ஒட்டும் ரப்பர் நாடா) வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் போகும், 3 மீட்டராக வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவும் ரெட் ஆக்சைடு பிரைமரும் எடுத்துக்கொண்டால் முடிந்தது. குளியலறை சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். புளிப்பு வாடை அடிக்கும் வகை இரும்பை அரிக்கும். அது ஒட்டிய இடத்தில் பிறகு வேறு எந்த சீலண்டும் பிடிக்காது.

வேலை செய்யும் இடமாக அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தைச் சொல்வோம். செங்கோட்டைக் கணவாய்க்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே பொதிகை மறைத்து நிற்பதால் காற்றின் மூர்க்கம் குறைவு. மரத்தடி வேண்டாம், சருகும் பறவை எச்சமும் பசையில் விழும். ஏதாவது ஒரு பட்டறையின் ஓரம் போதும்.

கழற்றுவதற்கு உச்சிவெயில்தான் நேரம். பழைய பியூட்டைலை இளக்க வெளியூர்க்காரர்கள் ஹீட் கன் பிடிக்க வேண்டும். இங்கே சித்திரை வெயிலே இளக்கிவிடும். முழங்காலுக்குக் கீழே கோணிச்சாக்கு போட்டுக்கொள்ளுங்கள், தகடு சுடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உள்சட்டத்தை எடுத்து, ஒயர்களில் பிளஸ் எது மைனஸ் எது என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு மேலே ஏறுங்கள். பழைய சீலண்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புக் கத்தி பெயின்டைக் கீறும், கீறிய இடத்தில் அடுத்த மழைக்குத் துரு வரும். விளிம்பில் ஏற்கெனவே துரு இருந்தால் பளபளப்பாகும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் இரண்டாம் வருஷம் கூரையையே வெட்டுகிறார்கள்.

ஒட்டுவது மறுநாள் காலை, பனி ஈரம் காய்ந்த பிறகு, தகடு சூடேறுவதற்குள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபேன் விளிம்பின் அடியில் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். ஓட்டத்தில் மழைநீர் மோதும் முன்பக்கம் இணைப்பு வரக் கூடாது. பின்பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி முடியுங்கள். கூரைத் தகட்டில் வரிப்பள்ளம் இருந்தால் பள்ளத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு வேண்டும். மூடியின் கீல் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். அப்போதுதான் மறந்து திறந்தபடி ஓட்டினாலும் காற்று மூடியை அமுக்கும், பிய்க்காது.

ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கையாலேயே முடுக்குங்கள். டிரில்லில் முடுக்கினால் பிளாஸ்டிக் விளிம்பு வெடிக்கும். பியூட்டைல் நான்கு பக்கமும் சீராகப் பிதுங்கினால் போதும். அன்று மதியச் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் அமுங்கும். மாலையில் இன்னொரு முறை முடுக்கிவிட்டுத்தான் மேலே சீலண்ட்.

அதற்கு முன் ஒயரிங்கை முடித்து ஃபேனை ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் 4 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 5 மீட்டர் தூரம் 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் போக வர அரை வோல்ட் வீணாகும், 2.5 போட்டால் 0.3-தான். ஃபியூஸ் அளவு கையேட்டில் சொன்னபடி, பேட்டரிக்குப் பக்கத்தில். பழைய ஃபியூஸ் 15 ஆம்பியராக இருந்தால் அதை அப்படியே விடாதீர்கள். கடலோரம் போகிறவர்கள் ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் கிரிம்ப் அடித்து (உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் சாதா மோட்டார் தலைகீழாகச் சுற்றும். போர்டு உள்ள மாடலில் போர்டே எரியலாம்.

ஃபேன் சரியாகச் சுற்றுகிறது என்றால் விளிம்பைச் சுற்றியும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் பாலியூரித்தேன் வையுங்கள். காற்றின் ஈரத்தில் இறுகும் பொருள் அது. ஒரு நாளைக்கு சுமார் 3 மி.மீ. ஆழம்தான் காயும். முழுதும் காயும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

காய்ந்ததும், உள்சட்டத்தை மாட்டாமலே மூடியைச் சாத்தி, ஹோஸில் பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள். விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். எடுத்தவுடன் மேலே விட்டால் ஒழுகும் இடம் தெரியாது. மூலையில் கசிந்தால் டேப் இணைப்பைப் பாருங்கள். நடுவில் கசிந்தால் ஸ்க்ரூ ஓட்டை. வண்டி சரிவில் நிற்கும்போது மட்டும் சொட்டினால் பெரும்பாலும் மூடியின் ரப்பர்தான். அதற்கு சீலண்ட் பூசாமல் ரப்பரையே மாற்றுங்கள். ஒரு சொட்டும் இல்லையென்றால் சட்டத்தை மாட்டிவிட்டுச் சாரலுக்குக் குற்றாலம் போகலாம்.