கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு வரும் அதிர்வு

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்த்து ஏற்றிய பிறகு வண்டியில் புதிதாக ஓர் அதிர்வு தோன்றினால், அதை உடனே மறுபடியும் இறக்கச் சொல்வது நம் பக்கத்தில் பலருடைய முதல் யோசனை. கியர்பாக்ஸ் வெளியே வருவதற்காக எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளும், சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில்களும், சில வண்டிகளில் சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டமும் கூடக் கழற்றப்படுகின்றன. இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே ஸ்பானரை எடுக்குமுன், அதிர்வு எதனோடு கூடிக் குறைகிறது என்று பார்த்தாக வேண்டும்.

கோவையில் எங்கள் காருக்கு, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை மாற்றிய பிறகு, செங்கப்பள்ளிக்கும் நீலம்பூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இதைச் சோதித்தோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறைத்தால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) ஏறும். அதிர்வு அப்படியே இருந்தால் சக்கரம், ஆக்சில் பக்கம் பார்க்க வேண்டும். ஆர்பிஎம்மோடு சேர்ந்து மாறினால் எஞ்சின், கன்வெர்ட்டர் பக்கம். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள டயர் அந்த வேகத்தில் விநாடிக்கு 11 முறைதான் சுழலும், 1,800 ஆர்பிஎம்மில் எஞ்சின் 30 முறை சுழலும் என்பதால், கொஞ்சம் பழகினால் கையாலேயே வித்தியாசம் தெரியும்.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கப்ளிங் நேராக அமையாத பம்புசெட்டுக்கு எத்தனை பேரிங் மாற்றினாலும் நிற்காது என்பது நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். பின் இல்லாமல் பூட்டினால், எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து நாளடைவில் விரிசல் விடும்.

சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, வரிவரியான வேகத்தடை மேல் போவது போன்ற நடுக்கம் வந்தால் அது வேறு வகை. பிரேக் பெடலை மெல்லத் தொட்டவுடன் அது மறைந்தால், கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைத்து, பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிடும் லாக்-அப் கிளட்ச் மீதுதான் முதல் சந்தேகம். அந்த கியர்பாக்ஸுக்கு உரிய ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் ஊற்றப்பட்டதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் காரில் இவை எதுவும் இல்லை. சிக்னலில் 'டி' நிலையில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கியது. நியூட்ரலுக்கு மாற்றினால் அடங்கியது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, கீழ் மவுண்டின் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் விரல்நுனி நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. எஞ்சின் தன் இடத்தில் அமருமுன்பே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு, எஞ்சினை நியூட்ரலில் சற்று நேரம் ஓடவிட்டு, ரப்பர் நடுவுக்கு வந்த பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறையாக இறுக்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. கன்வெர்ட்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.