கைகாட்டியின் பச்சை ஒருவழியாகப் பிடிபட்டது

என் மாதிரி ரயில் லேஅவுட்டில் ஸ்டேஷன் கட்டடம் முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. கல்சுவர், ஓட்டுக்கூரை, டிக்கெட் ஜன்னல் எல்லாம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டன. இத்தனை நாள் என்னை இழுத்தடித்தது ஸ்டேஷனுக்குள் ரயிலை விடும் ஹோம் சிக்னல் கைகாட்டியில் இருக்கிற இரண்டு மில்லிமீட்டர் பச்சைக் கண்ணாடி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: லேஅவுட் அசலில் 87-ல் ஒரு பங்கு (1/87), தண்டவாளம் 12 மி.மீ. அகலம். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையின் சாயலில் ஒரு கற்பனை ஊர், காலம் 1960-கள். கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர் கேஜை மூடி, அகலப்பாதையாக்கி 2018-ல் திறந்தார்கள். நான் செய்வது நீராவி என்ஜின் காலம், அதாவது கைகாட்டியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம். சிக்கல் அந்த விளக்கில்தான்.

முதலில் வார்ம் ஒயிட் (மஞ்சள் சாய்ந்த வெள்ளை) எல்.இ.டி.க்கு முன்னால் நல்ல பச்சை ஜெல், அதாவது வண்ண வடிகட்டித் தாள் ஒன்றை வைத்தேன். சீரியல் செட் மாதிரி பளீரென்று பச்சை வந்தது. பழைய கைகாட்டியின் பச்சை இப்படி இருக்காது. உண்மையில் அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் நீலம்தான் தூக்கலாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரிகிறது, அதில் நீலம் மிகக் குறைவு. நீலப்பச்சைக் கண்ணாடி சிவப்பை விழுங்கிவிட, மிஞ்சி வெளியே வருவது பச்சை.

சரி, நாமும் நீலப்பச்சைக்கே போவோம் என்று போனால் வேறு தொல்லை. வார்ம் ஒயிட் என்று பெயர்தானே தவிர, அதற்குள்ளும் நீலம் ஒளிந்திருக்கிறது. வடிகட்டி அதை அப்படியே விட்டுவிட்டது, சிக்னல் மருந்துக்கடை போர்டு மாதிரி ஆனது. மஞ்சள் எல்.இ.டி. போடச் சொல்லும் நண்பர்களுக்கு: அது ஒரே அலைநீளத்தையொட்டிய வெளிச்சம், பச்சைக்கு அதில் இடமே இல்லை. நீலப்பச்சைக்குப் பின்னால் வைத்தால் இருட்டுதான்.

விடை, எல்.இ.டி.யின் தலையிலேயே டாமியா எக்ஸ்-24 கிளியர் மஞ்சள் பெயின்ட்டைப் பூசுவது. நீலம் அங்கேயே அடங்கிவிடுகிறது. பிறகு எக்ஸ்-23 நீலமும் எக்ஸ்-25 பச்சையும் கலந்து ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) தடவி, தோலில் துளை போடும் பஞ்ச் கருவியால் வட்டம் அடித்து ஒட்ட வேண்டும். சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். காய்ந்தாலும் தெளிவாகவே இருக்கும் கேனோப்பி குளூதான் சரி. அறை விளக்கை அணைத்துப் பார்த்தால் கொஞ்சம் மங்கலாய், கொஞ்சம் நீலம் ஓடிய அந்தப் பச்சை! இதைவிட அசலாக யாராவது செய்திருந்தால் படம் அனுப்பட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலுக்கு வழிவிடும்போது கை இறங்கும் வகை என்பதால் சிவப்பு மேலே, பச்சை கீழே. கை தாழும்போது மறுபக்கத்தில் கண்ணாடிகள் பதித்த சட்டம் ஏறி, பச்சை விளக்குக்கு நேரே வருகிறது. பிரிட்டிஷ் கிட்டில் வரும் கை 1/76. பக்கத்தில் ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி என்ஜின் நின்றால் கை மட்டும் தடியாகத் துருத்துகிறது. அதனால் பித்தளைத் தகட்டில் நானே அறுத்தேன். கையை அசைக்கும் எஸ்.ஜி.90 சர்வோவில் (குட்டி மோட்டார்) கடைசி மூன்று டிகிரிக்கு ஒரு சின்னத் துள்ளலும் புரோகிராமில் எழுதியாயிற்று. லீவரை இழுத்ததும் கம்பி நீண்டு கை ஆடி நிற்குமே, அது.

எடைக்கட்டை இப்போதைக்கு வெறும் அலங்காரம். அசலில் கம்பி அறுந்தால் கையைத் தூக்கி ‘நில்’லுக்குக் கொண்டுபோவது அதுதான். சர்வோ கம்பியைக் கழற்றினாலும் தானாக எழும்படி ஈயத்துண்டு வைத்துப் பார்க்க ஆசை.

தண்டவாளம் பீக்கோ கம்பெனியுடையது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை) நம் ஊர் மாதிரி இல்லை. நம் ஊரில் ஸ்லீப்பராகப் போட்ட சி.எஸ்.டி.-9 வார்ப்பிரும்புக் கிண்ணங்களை இந்த அளவில் யார் செய்து விற்கிறார்கள்? 3டி பிரிண்ட் செய்து தருவதாகச் சொன்ன ஒருவர் முன்பணம் வாங்கியதோடு சரி. யார்டில் சரளையை மேலே ஏற்றிக் கொட்டி மூடிவிடலாம், மெயின் லைனில் முடியாது.

கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்துக்கும் அட்டையில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். அகலப்பாதைக்காகப் பலப்படுத்தி இன்றும் அதில் ரயில் விடுகிறார்கள். பதின்மூன்று கண்ணையும் 1/87-ல் வைக்க என் மேசை போதாது. ஐந்து வைத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

அதற்கு முன்னால் அவுட்டர், அதாவது ஹோமுக்கு முன்பே ரயில் சந்திக்கும் வெளி சிக்னல், நிற்க வேண்டும். அவுட்டர் என்றால் அதே கம்பத்தில் கீழே மீன்வால் வார்னரும் (எச்சரிக்கைக் கை) வேண்டும், இரண்டு கை, இரண்டு சர்வோ. அந்த இடத்தில் மேசைக்கடியில் குறுக்குச் சட்டம் போகிறது. இந்த வாரம் ரம்பத்தை எடுக்க வேண்டியதுதான்.