பிங் போகுது, நெய்பர் வரல

மார்ச் 4
ஏ, பி, சி-ன்னு மூணு லினக்ஸ் விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்), மூணுலயும் எஃப்ஆர்ஆர் (ரவுட்டர் வேலை பாக்குற சாஃப்ட்வேர்), ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வயர்கார்ட் டனல் (பாக்கெட்ட பூட்டி அனுப்புற விபிஎன் வழி), அதுக்கு மேல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க தங்களுக்குள்ள பேசி வழி கண்டுபிடிக்கிற முறை). ஏ-ல இருந்து பி-க்கு பிங் (போய் சேருதான்னு பாக்குற சோதனை பாக்கெட்) ஜம்முனு போகுது, ஆனா ஓஎஸ்பிஎஃப்-ல நெய்பர் லிஸ்ட் (பக்கத்து ரவுட்டர் பட்டியல்) காலி. ஏரியா நம்பர், டைமர், பாஸ்வேர்ட் எல்லாம் நாலு தடவ பாத்தாச்சு. ஃபயர்வால் மேல சந்தேகம் வந்து (ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் இல்ல யுடிபியும் இல்ல, ஐபி புரோட்டோகால் 89, அத தனியா திறக்கணும்) அதையும் நிறுத்திப் பாத்தேன். ம்ஹூம்.

மார்ச் 5
டிசிபிடம்ப் (போற வர்ற பாக்கெட்ட காட்டுற டூல்) மொதல்லயே போட்டிருக்கணும். ஏ-ல 10 செகண்டுக்கு ஒரு ஹலோ (நெய்பர தேடுற ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்) 224.0.0.5-ங்கிற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்துல பல பேருக்குப் போற) அட்ரஸுக்கு கிளம்புது, பி-ல ஒண்ணுகூட வந்து சேரல. ஒரு மணி நேரம் முழிச்சிட்டு அப்புறம்தான் பொறி தட்டுச்சு, அலவ்ட் ஐபிஸ்ல (எந்த அட்ரஸ் எந்த பியருக்கு, அதாவது எதிர்முனைக்குன்னு சொல்ற வயர்கார்ட் செட்டிங்) எதிர்ப்பக்கத்து டனல் அட்ரஸ மட்டும் /32-ன்னு (அந்த ஒரே அட்ரஸ்) போட்டு வெச்சிருக்கேன், பிங்குக்கு அது போதும், ஆனா மல்டிகாஸ்ட் பாக்கெட்ட எந்த பியருக்கு அனுப்பணும்னு தெரியாம வயர்கார்ட் அங்கயே கீழ போட்டுடுது. டிசிபிடம்ப் பாக்குறது அதுக்கு ஒரு படி முன்னாடி, அதான் கிளம்பின மாதிரியே காட்டுச்சு.

சரின்னு 0.0.0.0/0 (எல்லா அட்ரஸும்) போட்டு டனல ரீஸ்டார்ட் பண்ணேன், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழையுற இணைப்பு) அப்படியே உறைஞ்சு போச்சு. டேபிள் ஆஃப்னு ஒரு வரி போடாததால டீஃபால்ட் ரவுட்டையும் (தனி வழி இல்லாத எல்லாத்துக்குமான வழி) டனலுக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சு. கன்சோல்ல போய் சரி பண்ணி முடிக்க ராத்திரி ஒண்ணு.

மார்ச் 6
நெய்பர் வந்தாச்சு, ஆனா ஏ பக்கம் எக்ஸ்ஸ்டார்ட்லயே (டேட்டாபேஸ் பரிமாற ஆரம்பிக்கிற நிலை) நிக்குது. இது தெரிஞ்ச வியாதி, எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) ஒத்துப்போகல. பி-ல 1420, ஏ-ல எப்பவோ 1380-ன்னு நானே மாத்திட்டு மறந்திருக்கேன். ஹலோவுல எம்டியு கெடையாது, டேட்டாபேஸ் விவரம் சொல்ற பாக்கெட்லதான் அது வரும், அதனால அறிமுகம் ஆகி அப்புறம் மல்லுக்கட்டுது. எம்டியு-இக்னோர் போட்டா வாய மூடிக்கும், ஆனா பெரிய பாக்கெட் வந்தா மறுபடி வேற எடத்துல அழணும், அதனால ரெண்டுலயும் 1380. நெய்பர் ஃபுல் (பரிமாற்றம் முழுசா முடிஞ்ச நிலை) ஆயிடுச்சு.

மார்ச் 8
ரவுட் எல்லாம் டேபிள்ல அழகா இருக்கு, ஏ பின்னாடி இருக்குற மெஷின்ல இருந்து சி பின்னாடி இருக்குற மெஷினுக்கு மட்டும் பதில் வரல. போறது ஏ-சி நேர் வழி, திரும்பி வர்றது பி வழியா, ஏன்னா சி-ல ஏ-க்கான நேர் டனலோட காஸ்ட்ட (கம்மியா இருக்குற வழியத்தான் ஓஎஸ்பிஎஃப் எடுக்கும்) ஏத்தி வெச்சிருக்கேன். ஏ-ல பாத்தா பதில் பி டனல் வழியா உள்ள வருது, லேன் பக்கம் வெளிய போகல. ஆர்பி ஃபில்டர்! ஸ்ட்ரிக்ட்ல இருந்தா வந்த வழியும் போற வழியும் ஒண்ணா இல்லாத பாக்கெட்ட கெர்னல் சத்தமில்லாம தூக்கி எறிஞ்சிடும். அந்த டனலுக்கு 0 (சோதனையே வேண்டாம்) போட்டேன், அப்பவும் வரல. எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொதுவான ஆல்-ங்கிற எடத்துல 1 (ஸ்ட்ரிக்ட்) இருக்கு, ரெண்டுல எது பெருசோ அதத்தான் எடுத்துக்குமாம், இத யார் யோசிச்சு வெச்சாங்களோ. டனலுக்கு 2 (தளர்வான சோதனை) போட்டதும் பதில் கொட்டுது.

மார்ச் 9
பிங் ஓட விட்டுட்டு சி-ல ஏ-க்கான டனலோட யுடிபி பாக்கெட்ட மட்டும் ரெண்டு பக்கமும் ஃபயர்வால்ல தடுத்துப் பாத்தேன். எதிர்ல ஆள் செத்தாலும் வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் கீழ எறங்காது, அதனால ஏ-க்கு டெட் டைமர் (ஹலோ வராம காத்திருக்குற நேரம்) 40 செகண்ட் முடிஞ்சாதான் புரியுது. 38 பிங் போச்சு, அப்புறம் பி வழியா தானா எழுந்துச்சு. நாளைக்கு பிஎஃப்டி (லிங்க் செத்தத சீக்கிரம் கண்டுபிடிக்கிற முறை).