முட்டிடிச்சான் பாறையில் அம்மை சொன்னது

கடவுள் நம்மோடு பேசுவார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் பேசுவது அவர்தான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? என் மனசுக்குப் பிடித்ததை நானே சொல்லிக்கொண்டு, அதற்கு ஆண்டவர் பெயரைப் போட்டுவிடாமல் இருப்பது எப்படி? எங்கள் ஜெபக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு இது. போன தவக்காலத்தில் புனித தேவசகாயம் பிறந்த இடம், நடந்த பாதை, ரத்தம் சிந்திய மலை எல்லாம் ஒரே நாளில் போய் வந்தோம். அன்றைக்கு இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது.

நாங்கள் இருப்பது பாறசாலையில். கேரளாதான், ஆனால் கொஞ்சம் போனால் களியக்காவிளை வந்துவிடும், அதற்கு அப்புறம் தமிழ்நாடு. பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், வீட்டில் ஜெபமாலை தமிழில். அம்மை மட்டும் மார்த்தாண்டம் பக்கம் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா போனபிறகு அவளை எங்களோடு கூட்டி வந்துவிடலாமா, அங்கேயே விடலாமா என்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக இருந்தது. தம்பி வளைகுடாவில் இருந்துகொண்டு தினமும் போனில் ‘அக்கா, என்ன முடிவெடுத்தீங்க’ என்பான். நான் இதற்காக உபவாசம் இருந்தேன், பைபிளைத் திறந்து வைத்து அழுதேன். அதே கேள்வியோடுதான் வேனிலும் ஏறினேன். அம்மையும் வந்தாள், அம்மைக்கு அக்காவான பெரியம்மையும் வந்தாள். பெரியம்மை பல காலம் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள்.

முதலில் நட்டாலம். 1712-ல் நீலகண்ட பிள்ளையாக அவர் பிறந்த ஊர். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. நேராகப் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை.

தேவசகாயம் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கோட்டையோடு சேர்ந்த பகுதிதான். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் டிலனாய் ஒருவர். அப்புறம் அதே மன்னருக்குப் படை பயிற்றுவிக்கும் தளபதி ஆனார். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் பழக்கம். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து பிள்ளை மனசு உடைந்து நின்ற நேரத்தில், டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை பைபிளிலிருந்து சொன்னார். வானத்திலிருந்து குரல் வரவில்லை, கனவில் யாரும் வரவில்லை. போரில் தோற்று, ஊர்விட்டு ஊர் வந்து சிக்கிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், வேலை செய்யும் இடத்தில், ஒரு கதை சொன்னார். அந்த வழியாக ஆண்டவர் பேசினார். பிள்ளையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குருவைத் தேடிப் போய், படித்து, விசாரித்து, 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்றார். கேட்டது உண்மைதானா என்று அடுத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டும் பணிவு அவரிடம் இருந்தது. ‘எனக்கு நேரடியாகச் சொல்லிவிட்டார்’ என்று யாரிடமும் கேட்காமல் கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பைபிளில், கோவிலில் ஆண்டவர் கூப்பிட்ட சிறுவன் சாமுவேலுக்கும், கூப்பிடுவது யார் என்று சொல்லிக்கொடுக்கப் பார்வை மங்கிய கிழவர் ஏலி தேவைப்பட்டாரே.

டிலனாய் 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் கூரை இல்லாத பழைய சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று அவருக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னோம்.

அங்கிருந்து முட்டிடிச்சான் பாறை பக்கம்தான். கிறிஸ்தவரானபிறகு பிடித்து விலங்கு போட்டு இழுத்துப் போகும் வழியில் தேவசகாயத்துக்குத் தாகம் எடுத்ததாம், குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு முழங்கை முட்டால் பாறையில் இடித்தார், நீர் சுரந்தது என்பது எங்கள் ஊர்ப்பக்கம் குழந்தைக்கும் தெரிந்த கதை. பாறையில் சின்னக் குழி. அதில் கொஞ்சம் தண்ணீர், குனிந்தால்தான் தெரியும். ஒரு அம்மா கைக்குழந்தையின் நெற்றியில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தாள், குழந்தை திடுக்கிட்டு விழித்தது. எனக்கு முன்னால் நின்றவர் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டார். நான் விரலை நனைத்துக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது. தண்ணீர் கிடைத்தது, ஆனால் விலங்கு கழலவில்லை. பாறையைத் திறக்கிறவருக்கு இரும்பைத் திறப்பது பெரிய காரியமா? அன்றைய தாகத்துக்கு அன்றைய நீரைக் கொடுத்தார், மிச்ச வழியை அவர் நடந்தேதான் தீர்க்க வேண்டியிருந்தது. நான் கேட்டதோ அம்மையின் கடைசிக் காலம் வரைக்குமான முடிவு, மொத்தமாக, ஒரே பதிலில்.

அங்கே நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த மரச்சீனிக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மை தானாகவே, சம்மந்தத்தோடா சம்மந்தம் இல்லாமலா என்று தெரியாதபடி, சொன்னாள்: “எனக்க வீட்டுல காலத்த எந்திரிச்சா கோயில் மணி கேக்கும். எல்லாரையும் எனக்குத் தெரியும். உனக்க வீட்டுக்கு வந்தா நீ வேலைக்குப் போன பிறவு நான் சொவரத்தான் பாத்துட்டு இருக்கணும் மக்களே.”

அவ்வளவுதான். கிழங்கைத் தின்றுவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை. அவளுக்கென்று ஒதுக்க நினைத்த அறைக்கு மனசுக்குள் ஜன்னல் திரை வரைக்கும் பார்த்து வைத்திருந்தேன். வேனில் பெரியம்மையிடம் மெதுவாக, இதை ஆண்டவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “அவரு சொன்னா அவசரப்படுத்த மாட்டாரு, பயங்காட்டவும் மாட்டாரு. ரெண்டு நாளு உறங்கி எழும்பு. அப்பவும் அது அங்கேயே நிக்குதா பாரு. உனக்குப் பிடிக்காததா இருந்தும் மனசுக்குச் சமாதானமா இருக்கா பாரு. சாமியார்ட்டயும் ஒரு வார்த்த கேளு” என்றாள். இதைவிடத் தெளிவாக எந்தத் தியானத்திலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை முன்னால் முழங்காலிட்டோம். சம்சாரி, அரசாங்க வேலைக்காரர், குருவும் அல்ல, துறவியும் அல்ல. 2022 மே 15-ல் ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, இந்தியாவில் அந்த நிலைக்கு உயர்ந்த முதல் பொதுநிலையினர் அவர்தான். சம்பளம், கடன், வீட்டுக் கவலை எல்லாம் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

சாயங்காலம் ஆரல்வாய்மொழி, காற்றாடி மலை. 1752 ஜனவரி 14 அன்று இங்கேதான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெயருக்கேற்ற காற்று. முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினோம், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. பெரியம்மை கீழே வியாகுல அன்னை ஆலயத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மை ஏறினாள், நின்று நின்று. மேலே மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கல மணி போலக் கேட்கிறது. அவர் இறந்த நேரத்தில் மணிபோல ஒலித்த பாறை என்பார்கள். அம்மை தட்டினாள், காதைப் பாறையோடு சேர்த்து வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினாள். அந்தக் காற்றில் எனக்கு பைபிளில் ஓரேபு மலையில் நின்ற தீர்க்கதரிசி எலியாதான் ஞாபகம் வந்தார். பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவர் இல்லை, அதற்கெல்லாம் பிறகு வந்த மெல்லிய ஒலியில்தான் இருந்தார்.

அப்புறம் பெரியம்மை சொன்னபடியே செய்தேன். நாள் போனபிறகும் அம்மையின் வார்த்தை இடம் மாறவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டபோது, அம்மையை நான்காம் கட்டளைப்படி மதிப்பது என்றால் அவள் விருப்பத்தைக் கேட்பதும் அதில் சேரும்தானே என்றார். தம்பிக்கும் விவரம் சொன்னேன், அவன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டான். இப்போது ராத்திரித் துணைக்கு அயல்வீட்டு அக்கா வந்து படுக்கிறார். சனிக்கிழமை நான் போய், ஞாயிறு அம்மையோடு பூசை கண்டுவிட்டுத் திரும்புகிறேன். இடவப்பாதி மழை தொடங்கினால் அவளுக்கு இழுப்பு வரும், அந்த மாதங்களுக்கு மட்டுமாவது எங்களோடு வந்து இரு என்று கேட்டிருக்கிறேன். கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்கிறாள். அதையும் ராத்திரி ஜெபத்தில் வைத்திருக்கிறோம்.